சுவரில் ஏறிய பாய்

சென்ற பகுதியில் எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரம் கிழக்கு வாயிலில் நின்றதாக எழுதியிருந்தேன். மூன்று பழைய மாணவிகள் கடிதம் எழுதினார்கள். மூவரும் அது வடக்கு வாயில் என்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். மரம் இல்லை, அடிக்கட்டை வடக்கே இருக்கிறது. முப்பது ஆண்டுகள் அதன் நிழலில் நடந்தவளின் நினைவு இவ்வளவுதான் என்றால், அந்த நினைவை மட்டும் நம்பி இன்றைய பகுதியை எழுத எனக்கு உரிமையில்லை.

ஏனெனில் இன்று எழுதப்போவது அளவுகளைப் பற்றி. சில அங்குலம் பிசகினால் ஒருவர் படுக்கும் இடமே பறிபோய்விடும் என்பதுதான் இதன் பொருள். அதை எழுதுகிறவளே அளவு தவறினால் அழகில்லை. ஆகவே நான் கண்ணால் கண்டதையும், நாடா பிடித்து அளந்ததையும், குறைந்தது இருவர் ஒன்றுபோலச் சொன்னதையும் மட்டுமே தருகிறேன். மக்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய அறைகளின் அளவுகளை மாற்றவில்லை.

நான்கு செங்கல், இரண்டு பாய்

புதிதாகப் பூசிய சுவரின் ஈரவாடை அடிக்கும் ஓர் அறை. கதவு இன்னும் பொருத்தவில்லை. நிலை மட்டும் நிற்கிறது. தரையில் நான்கு செங்கற்கள், நீள்சதுரத்தின் நான்கு மூலைகள்போல. அவை ஒரு கட்டிலுக்குப் பதிலாக வைக்கப்பட்டவை. வீட்டில் கிடக்கும் கட்டிலைக் கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துவந்து, அந்த முடிச்சுகளின்படி செங்கற்களை வைத்தவர் பேச்சியம்மாள்.

செங்கற்களை ஒட்டி ஒரு பாயை விரித்தார். பத்தமடையில் வாங்கிய சாதாரணக் கோரைப்பாய், அகலம் மூன்றடி. அதை ஒட்டி இரண்டாவது பாயை விரித்தார். அது தரையில் படியவில்லை. அதன் ஓரம் நான்கு விரற்கடை அளவு சுவரில் ஏறி வளைந்து நின்றது. கையால் அமுக்கினார், எடுத்ததும் மறுபடி எழுந்தது.

"பாத்தியளா டீச்சர்! பாயி சுவரு ஏறுது. பல்லி கணக்கா ஏறுது!"

உடன் வந்திருந்த அவர் மகள், அம்பாசமுத்திரத்தில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவள், சொன்னாள்: "அப்ப நானும் பாதி ஒடம்ப சுவத்துலதான் சாச்சுக்கிடணும்."

நிலைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்ற, தமக்கும் இங்கே ஒரு வீடு கிடைக்கவிருந்த சுடலைமுத்துவுக்கு இது பொறுக்கவில்லை. "பாய நறுக்கிட்டாப் போச்சு. இதுக்குப் போயி டீச்சரம்மாவ வெயில்ல இழுத்துட்டு வந்திருக்கா."

"ஒம்ம கால நறுக்குவமா அண்ணாச்சி? அதும் லேசான வேலதான்" என்றார் பேச்சியம்மாள், பாயிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இந்தப் பாய்க் கணக்கு எனக்குப் புதிது. மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த பெண்கள் ஒரு வீட்டைப் பற்றி விசாரிக்கும்போது சதுரஅடி கேட்பதில்லை, "எத்தனை பாயி விரிக்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். நான்கு பெண்களிடம் தனித்தனியே கேட்டு உறுதி செய்துகொண்டேன். சமவெளியிலும் இந்த வழக்கம் உண்டா என்று தேடவில்லை.

கேட்க வந்தது ஒரு மனு

கதையின் தொடக்கத்துக்குப் போகிறேன். இந்த ஆண்டு, கார் அறுவடை முடிந்து வயல்களில் தாள் காய்ந்துகொண்டிருந்த வாரம். தாமிரவருணியின் ஒரு கால்வாயை ஒட்டி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக இருபத்து நான்கு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வரிசைக்கு எட்டாக மூன்று வரிசைகள். முதல் வரிசைக்குக் கூரை போட்டுப் பூச்சும் முடிந்திருந்தது. மற்ற இரண்டு வரிசைகளுக்கும் வானம் தோண்டியிருந்தார்கள். அடித்தளத்துக்காகத் தோண்டும் பள்ளத்தைத்தான் கொத்தனார்கள் அப்படிச் சொல்லுகிறார்கள். இந்தச் சொல்லை நான் பாடம் நடத்திய ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டதில்லை. ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அலுவலர் ஒருவருக்குத் தொல்லை வரும்.

அந்த இருபத்து நான்கு குடும்பங்களில் ஒன்று பேச்சியம்மாளுடையது. தோட்டத்தில் ஒரே கூரையின்கீழ் தொடராகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருபது ஆண்டுக்குமேல் இருந்தவர். இறங்கி வந்தபின் தகரக்கூரை போட்ட ஒரு வாடகை அறையில் இருக்கிறார். கணவர் தேயிலை மூட்டை சுமந்தவர். பக்கவாதம் வந்து ஒருபுறம் செயலிழந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கட்டிலைவிட்டு எழ முடியாது. அவரை நாளில் பலமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஏதேனும் வேண்டுமென்றால் நல்ல கையின் ஒரு விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். அந்தத் தட்டல் காதில் விழும் தூரத்தில்தான் பேச்சியம்மாள் படுத்தாக வேண்டும்.

ஒரு கட்டில், இரண்டு பாய். புதிய வீட்டிடம் அவர் கேட்டது அவ்வளவே.

ஒருநாள் முற்பகல் மகளோடு என் வீட்டுக்கு வந்தார். "அறை சின்னதா இருக்கு டீச்சர். நல்ல தமிழ்ல ஒரு மனு எழுதித் தாங்க. படிச்சதும் அவுகளுக்குச் சுருக்குனு தைக்கணும்."

நான் மறுத்தேன். தைக்கும்படி எழுதுவது கடினமன்று. ஆனால் 'சின்னது' என்ற சொல்லை அளக்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. "வரைபடத்துல என்ன அளவு போட்டிருக்கு, கட்டுனது என்ன அளவு இருக்கு, ரெண்டையும் பாத்துட்டு எழுதுதேன்" என்றேன். முகம் சுருங்கிப்போயிற்று அவருக்கு. ஆயினும், "அப்ப நாளைக்கே வாங்க. நான் பாயக் கொண்டு வாறேன்" என்றார்.

அப்படித்தான் மறுநாள் அந்த அறையில் நின்றோம். பக்கத்துத் தையல்காரரிடம் இரவல் வாங்கிய நாடாவால் அளந்தேன். ஒருபுறம் ஒன்பதடி இரண்டு அங்குலம். மறுபுறம் ஒன்பதடி எட்டு அங்குலம். ஒப்பந்தக்காரரின் கொட்டகையில் ஒட்டியிருந்த வரைபடத்தில், அறையின் உள்ளளவு பத்தடிக்குப் பத்தரை அடி என்று தெளிவாக எழுதியிருந்தது.

இரு பக்கமும் பத்துப் பத்து அங்குலம் காணவில்லை!

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஐம்பது ஏடுகளைத் திருத்தும்போது ஐம்பதிலும் ஒரே பிழை ஒரே இடத்தில் வந்தால் ஓர் ஆசிரியைக்குத் தோன்றுமே, அந்தப் பரபரப்பு. அது மாணவரின் பிழையாய் இராது. கற்பிக்கப்பட்ட பிழையாகத்தான் இருக்கும். அடுத்த வீட்டை அளந்தேன். அதே அளவு. அதற்கடுத்ததும் அதே.

அன்று மாலையே மனுவை எழுதினேன். அதில் ஓர் உரிச்சொல்லும் இல்லை. இடப்பக்கம் வரைபடத்தின் அளவு, வலப்பக்கம் அறையின் அளவு. கீழே இருபத்து நான்கு குடும்பத்தாரின் ஒப்பம். சுடலைமுத்து மட்டும் கடைசியில் போட்டார், "எழுதித்தான் என்னத்தக் கிழிக்கப் போறிய" என்று சொல்லிக்கொண்டே.

சாய்ந்த கையெழுத்து

இங்கே சற்று விலகிச் செல்ல வாசகர்கள் இடம்தர வேண்டும். அறையின் அளவு என்ற ஒன்று உண்டு என்பதை நான் மிகத் தாமதமாகக் கற்றவள்.

நான் பிறந்தது நிலம் வைத்திருந்த சைவ வீட்டில். எங்கள் வீட்டில் நெல் கொட்டிவைத்த அறை, அந்த நெல்லை அவித்துக் கொடுத்த பெண் தன் குடும்பத்தோடு வாழ்ந்த வீட்டைவிடப் பெரிது. இதை ஆத்திரத்தில் சொல்லவில்லை. நெல்லறை இப்போது வேறொருவரின் கிடங்கு. அவர் அனுமதியோடு அளந்தேன். அந்தப் பெண்ணின் வீடு விழுந்துவிட்டது. சுவரடி மட்டும் தெரிகிறது. அதையும் அளந்தேன். சிறுமியாக இருந்தபோது இரண்டுக்கும் நாள்தோறும் போய்வந்திருக்கிறேன். ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

வேலை கிடைத்துப் பாளையங்கோட்டையில் தங்கிய முதலாண்டில்தான் சுவர்கள் என் மேல் இடித்தன. மூன்று ஆசிரியைகளுக்கு ஓர் அறை. மூன்று பெட்டிகள். ஒருத்தி புடவை மடித்தால் மற்ற இருவரும் வெளித்தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியை குண்டூசி தேடினால் கணக்கு ஆசிரியையின் தலைமுடி அவிழும். சிரித்துக்கொண்டே காலம் தள்ளினோம். மாதக் கடைசியில் வீட்டுக்குப் போய்க் கைகால் நீட்டிப் படுக்க மூவருக்கும் வேறு இடம் இருந்தது; அதனால்தான் சிரிக்க முடிந்தது.

அப்புறம் வந்தாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. பெயரை எழுத அவளிடம் அனுமதி கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. கட்டுரை நன்றாக எழுதுவாள். ஆனால் வீட்டில் எழுதிவரும் ஏட்டில் எழுத்தெல்லாம் வலப்புறம் கீழே சரிந்துகொண்டு போகும். நான் கையெழுத்தில் கறாரானவள். பல மாதங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவள் ஒருமுறையும் காரணம் சொல்லவில்லை.

காய்ச்சலென்று அவள் வராத ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போனேன். ஓர் அறையில் ஆறு பேர். தரையில் தம்பிமார் படுத்திருந்தார்கள். அடுப்பு ஒரு மூலை, தண்ணீர்க்குடங்கள் ஒரு மூலை. ஏட்டை வைக்கும் அளவுக்குக் காலியாயிருந்த தளம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: கதவுக்குப் பின்னாலிருந்த சுவர். நின்றபடி, ஏட்டை இடக்கையால் சுவரில் அழுத்திக்கொண்டு, அவள் எழுதியிருக்கிறாள். அந்தச் சுவரில் அவள் தோள் உயரத்தில் மைக்கறை இருந்தது.

குறைத்த மதிப்பெண்களை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். வேறெதுவும் என்னால் கொடுக்க முடியவில்லை.

இரும்பு நாடா

மனுவை விசாரிக்க வெள்ளிக்கிழமை முற்பகல் திட்டத்தின் பொறியாளர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். தலைக்கவசத்தைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, என் மனுவைக் கையில் பிடித்திருந்தார். எங்களுக்கு முன்பே அங்கே ஊர் கூடியிருந்தது. மறுநாள் காலை கலவை எந்திரம் வருவதாக இருந்தது. இரண்டாம், மூன்றாம் வரிசை வானங்களில் கலவை கொட்டி இறுகிவிட்டால் அப்புறம் எந்த மனுவுக்கும் பொருளில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

"எதால அளந்தீங்க, டீச்சர்?"

"தையல் நாடா."

"துணி நாடா இழுபடும். இதை நம்பி நான் வேலையை நிறுத்த முடியாது."

"நிறுத்த வேண்டாம்மா. உங்க நாடாவாலயே ஒரு தடவ அளந்து பாத்திருங்க."

இரும்பு நாடா சர்ரென்று ஓடியது. பேச்சியம்மாளின் மகள் மறுமுனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். பொறியாளர் குனிந்து படித்தார். ஒன்பதடி இரண்டு அங்குலம். என் தையல் நாடா பொய் சொல்லவில்லை! அடுத்த வீடு. ஒன்பதடி இரண்டு. எட்டு வீட்டுக்கும் போனார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் அளவை அவர் சொல்லும் முன்பே பெண்கள் கூவினார்கள்: "ஒம்பது ரெண்டு!" எட்டாவது வீட்டில் பொறியாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் மறைந்தும் விட்டது.

"குறைந்த வருமானக் குடும்பம்னாலும் ஒரு அறை இன்ன அளவுக்குக் கீழ போகக்கூடாதுன்னு விதி இருக்கு" என்று மெல்லிய குரலில் என்னிடம் சொன்னார். "வரைபடம் அந்த அளவுக்குக் கொஞ்சம் மேலதான் இருந்துச்சு. இது கீழ போயிருச்சு." விதி கூறும் எண்ணையும் சொன்னார். அந்த ஆணையை நான் என் கண்ணால் படிக்கவில்லை. ஆதலால் அந்த எண்ணை இங்கே தரவில்லை. ஆனால் ஒன்று எனக்கு அப்போது விளங்கிற்று. இதற்குக் கீழே போகாதே என்று விதி ஒரு கோடு கிழிக்கிறது. கட்டுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டின்மேலேயே வந்து நிற்கிறார்கள். ஒரு கை தவறினால் போதும், கோட்டுக்குக் கீழே விழுவதற்கு.

எனினும் பொறியாளர் தயங்கினார். வேலையை நிறுத்துவதென்றால் அவர் மேலிடத்துக்கு விடைசொல்ல வேண்டும். பேச்சியம்மாளிடம் திரும்பி, "பின்னால சமையலறை இருக்குல்லம்மா, ஒருத்தர் அங்க படுக்கலாம்ல?" என்று கேட்டார். கேட்ட குரலில் கடுமை இல்லை.

பேச்சியம்மாள் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "மேடம், நீங்க செத்த சமையக்கட்டுல போயி நில்லுங்க. டீச்சர், நீங்களும் போங்க" என்றார்.

போனோம். ஒருவர் நின்றால் மற்றவர் ஒதுங்க வேண்டிய சமையலறை. வெளியே கூட்டம் அடங்கிற்று. நெடுநேரம் எதுவும் நிகழவில்லை. பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றார். "கேட்டுச்சா?"

"என்ன கேட்டுச்சா?"

"கட்டில் இருக்கப்போற எடத்துல குத்தவச்சு, அவுக தட்டுத மாதிரியே செங்கல்லத் தட்டுனேன். ஒத்த வெரலால. பத்து தடவ."

பொறியாளருக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. பத்துமுறை தட்டியதை அறையில் நின்ற மகளிடமும் இன்னொரு பெண்ணிடமும் பிறகு விசாரித்து உறுதிசெய்தேன்.

"கொத்தனாரைக் கூப்பிடுங்க" என்றார் பொறியாளர்.

நடுநூல்

கொத்தனார் செல்லையா ஐம்பதைக் கடந்தவர். காதில் தச்சுப் பென்சில். அளவு குறைந்ததென்று கேட்டதும் அவருக்கு ரோசம் வந்துவிட்டது.

"மேடம், என்ன வேணும்னாலும் சொல்லுங்க, அளவ மட்டும் சொல்லாதிய. நூலு பத்தடிதான் பிடிச்சேன். வாங்க, காட்டுதேன்!"

இரண்டாம் வரிசைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். வானத்தின் இருபுறமும் முளை அடித்து நூல் கட்டியிருந்தது. நாடாவைப் பறித்தாற்போல வாங்கி, நூலுக்கு நூல் பிடித்தார். பத்தடி. ஒரு மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.

"பாத்துக்கிடுங்க!" என்று நிமிர்ந்தார். சுடலைமுத்து கைதட்டினார்.

பொறியாளர் பைய ஒரு கேள்வி கேட்டார். "சுவர் எழும்பினா இந்த நூல் சுவத்துல எங்க வரும், அண்ணாச்சி?"

"நடுவுலதான். சுவத்துக்கு நடுவுல வராம நூலு வேற எங்கன வரும்?"

சொல்லி முடித்தவர் வாயை மூடவில்லை. கீழே கிடந்த ஒரு முழுச் செங்கல்லை எடுத்தார். முக்கால் அடிச் சுவருக்கு அதுதான் கனம். நூலுக்கு நேர்கீழே, குறுக்காக வைத்தார். பாதிச் செங்கல் அந்தப்பக்கம், பாதிச் செங்கல் இந்தப்பக்கம். எதிர் நூலின்கீழும் ஒன்று வைத்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த வெறும் தரையைப் பார்த்தார்.

"அடப்பாவி... ரெண்டு பக்கமும் பாதிப் பாதி செங்கல்லு உள்ள வந்துருதே! மேல பூச்சு வேற!"

அவர் தந்தையும், தந்தையின் தந்தையும் நடுநூல் பிடித்தே வீடு கட்டியவர்கள். வீட்டுக்காரர்கள் அவரிடம் கொடுக்கும் தாளிலும் நடுச்சுவரிலிருந்து நடுச்சுவர் வரைதான் அளவு இருக்கும். ஆகவே பத்தடி என்றால் அவர் கைக்கு நடுவிலிருந்து நடு. இந்த வரைபடத்தில் இருந்ததோ சுவருக்குச் சுவர் உள்ளளவு. அதே பத்தடி, பிடித்த இடம் வேறு. பிசகே இல்லாத ஒரு கையால் இருபத்து நான்கு வீடுகளும் பத்து அங்குலம் சுருங்கவிருந்தன.

செல்லையா தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவரை யாரும் ஏசவில்லை. பேச்சியம்மாள் தம் தூக்குவாளியிலிருந்து கருப்பட்டிக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார்.

ஏழடி இரண்டு அங்குலம்

பொறியாளர் கைப்பேசியில் ஒப்பந்தக்காரரை அழைத்தார். எதிர்முனையில் என்ன சொல்லப்பட்டதென்று எனக்குத் தெரியாது. இந்த முனையை மட்டும் கேட்டேன்.

"ஆமா சார், நாளைக்கு மிஷின் வருதுன்னு தெரியும்... இல்ல சார், சின்ன விஷயம் இல்ல... வரைபடத்தை நான் மாத்தல சார். வரைபடத்துக்குத் திரும்பிப் போறேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஆனால் அவர் கையை உயர்த்தினார். இன்னொரு தடை இருந்தது. பின்பக்கம் நீளப் போதிய இடமிருந்தது, பக்கவாட்டில்தான் சிக்கல். வீட்டுக்குப் பத்து அங்குலம் கூடினால் எட்டு வீட்டு வரிசை எண்பது அங்குலம் நீளும். அதாவது ஆறடி எட்டங்குலம். வரிசையின் கடைசியில் கால்வாய்க்கரைப் பாதைக்கென்று எல்லைக்கல் நட்டிருக்கிறது. அதைத் தாண்ட முடியாது. அதற்குள் அவ்வளவு இடம் இருக்கிறதா?

அத்தனை பேரும் கால்வாய்ப் பக்கம் ஓடினோம். நானும் ஓடினேன், ஓடியதற்கு அடையாளமாக ஒரு செருப்பின் வார் அறுந்தது. நாடாவின் ஒரு முனையைச் செல்லையாவும் மறுமுனையைப் பொறியாளரும் பிடித்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஓசையைத் தவிர வேறு ஓசையில்லை.

"ஏழடி ரெண்டு அங்குலம்."

ஆறங்குலம் மீதி!

அடுத்து எழுந்த ஆரவாரத்தை எழுத எனக்குத் தகுந்த சொல் கிடைக்கவில்லை. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பேச்சியம்மாள் தம் மகளின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டார். மூன்றாம் வரிசையையும் அளந்தார்கள். அங்கே இன்னும் தாராளம்.

அன்று நண்பகலிலிருந்து பொழுது சாய்வதற்குள் பதினாறு வீடுகளின் முளைகளும் பிடுங்கி நடப்பட்டன. செல்லையா ஒவ்வொரு முளையை அடிக்கும்போதும் உரக்கச் சொன்னார்: "உள்ளளவு! உள்ளளவு!" பெண்கள் நூலைப் பிடித்தார்கள். சுண்ணாம்புத் தூளை ஒரு தகரக் குவளையில் எடுத்துப் புதுக்கோடு போட்டார்கள். ஆண்கள் மண்வெட்டி எடுத்து வானத்தை அகலப்படுத்தினார்கள். வெட்டிய ஈரமண்ணின் வாசம் அந்த வெளி முழுதும் நிறைந்தது. என் கையிலும் ஒரு நூல்முனை தரப்பட்டது. வாழ்நாளில் நான் பிடித்த பொருள்களில் அவ்வளவு கவனமாகப் பிடித்தது வேறெதுவும் இல்லை.

முதல் வரிசை

எல்லாம் முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மாள்தான் கேட்டார்: "மேடம், அந்த மொத வரிசைய என்ன செய்வாவ?"

பொறியாளர் முதல் வரிசையின் கூரையை நிமிர்ந்து பார்த்தார். "கூரை போட்டாச்சு. இடிக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"அப்ப எட்டு வீடு இப்படியேதானா?"

"எழுதி மேல அனுப்புறேன். ஆனா இப்ப இருக்கிற நிலையில, எல்லா வீடும் குலுக்கல்லதான். இருபத்து நாலு சீட்டு."

மூன்றில் ஒரு பங்கு. பேச்சியம்மாள் விரல்விட்டு எண்ணவில்லை. கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. காலையிலிருந்து ஓடிய உற்சாகம் சட்டென்று நின்றது. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

சுடலைமுத்து தொண்டையைக் கனைத்தார். "டீச்சரம்மா, ஒரு தாளு எடுங்க. மொத வரிசையில ஒண்ணு எனக்குன்னு எழுதிக்கிடுங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னத்தப் பாக்கிய? நான் ஒத்தக்கட்டை. குறுக்கயும் படுப்பேன், நெடுக்கயும் படுப்பேன், கேக்க ஆளில்ல. எனக்கெதுக்கு அந்தப் பத்து அங்குலம்?"

"முந்தாநேத்து பாய நறுக்கச் சொன்னீரே அண்ணாச்சி!" என்றார் பேச்சியம்மாள்.

"நறுக்கத்தான் போறேன். பாதிய ஒனக்குத் தாரேன், வச்சுக்கோ. போ."

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் பிள்ளையில்லாத ஒரு தம்பதியர் முன்வந்தார்கள். பிறகு கட்டட வேலைக்குப் போகும் அக்காள் தங்கை இருவர். பிறகு மகன் வெளியூரில் இருக்கும் ஒரு பெண். மேலும் இரண்டு சிறு குடும்பங்கள். ஒரு பெண் முன்வந்து, கணவர் முழங்கையைப் பிடித்ததும் பின்வாங்கினார். அதை யாரும் குறையாகப் பேசவில்லை. எல்லாமாக ஆறு வீடுகள். எவ்வளவு நேரம் நின்றும் ஏழாவது கை உயரவில்லை. உயராததில் நியாயமும் இருந்தது; மீதி வீடுகளிலெல்லாம் ஆட்கள் அதிகம்.

ஆறு பெயர்களையும் எழுதி, அவரவர் ஒப்பம் வாங்கினேன். முதல் மனுவில் கடைசியாகக் கையெழுத்திட்ட சுடலைமுத்து இதில் முதலாவதாகப் போட்டார். பொறியாளர் தாளை வாங்கி இருமுறை படித்தார். "இதை ஏத்துக்கிற அதிகாரமும் எனக்கில்ல, டீச்சர்" என்றார். ஆனால் மடிக்காமல், கசங்காமல், கோப்பின் நடுவில் வைத்தார்.

எனக்குத் தெரியாதவை

போன வாரம் மறுபடியும் அங்கே போனேன். இரண்டாம் வரிசையின் சுவர்கள் சன்னல் உயரத்துக்கு வந்துவிட்டன. இந்தமுறை நானே வாங்கிய இரும்பு நாடாவால் அளந்தேன். பூச்சுக்கு இடம் விட்டு, உள்ளளவு பத்தடி இருக்கிறது. எட்டு அறைகளிலும் இருக்கிறது.

உள்ளளவு போட்ட வரைபடத்தோடு, கொத்தனாருக்குப் பழகிய நடுநூல் வரைபடம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று பொறியாளர் சொல்கிறார். அதைக் கொடுக்காமல் விட்டவர் யார் என்பது எனக்குத் தெரியாது. ஆறு பேர் ஒப்பமிட்ட தாள் இப்போது யார் மேசையில் இருக்கிறது என்பதும் தெரியாது. அதை ஏற்றுக்கொண்டால் குறுகிய வீடுகளில் இரண்டு மட்டுமே குலுக்கலில் மிஞ்சும். ஏற்காவிட்டால் எட்டும் இருக்கும். ஏற்பார்களா என்று கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். விடை வரவில்லை.

குலுக்கலுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. பேச்சியம்மாளின் கைக்கு எந்தச் சீட்டு வரும் என்பது எனக்குத் தெரியாது.